விழுந்த மரமும் ஒழுகும் வீடும்



நீளமான பதிவு இது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை முழுக்க என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதற்கு ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

இரண்டு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே பேச்சு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி கோயில் மரத்தைத் திருடிவிட்டாளாம். அவள் வீட்டு வாசலில் அறுத்து அடுக்கியிருந்த சட்டங்களை யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார் மகன், "இப்படித்தான் கோயில் சொத்தெல்லாம் போச்சு" என்று எழுதியிருக்கிறான். கோயில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மாணவன், "சிவன் சொத்து குல நாசம். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் டீச்சர்" என்று எழுதியிருக்கிறான்.

ஆமாம் தம்பி, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் திருடவில்லை. காற்றில் விழுந்த மரம், அந்த நிலத்தில் நிற்கும் வீட்டைச் சரிசெய்யத்தான் முதலில் போக வேண்டும். மிச்சம் இருந்தால் ஏலத்துக்குப் போகட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். அதைத்தான் தவறு என்கிறேன்.

நடந்தது இதுதான். ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி அடித்த காற்றில் அவள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அவள் மாமியார் கன்று வைத்து வளர்த்த மரம். சாய்ந்தது அவள் அடுப்படிமேல். ஓடு நொறுங்கி, நாலு கைமரம் முறிந்து, அடுப்புக்கு மேலே வானம் தெரிந்தது. வீட்டில் அவளும் பத்தாவது படிக்கும் மகளும் மட்டும். விடிந்ததும் கோயில் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். "மேலே எழுதணும், அளவு எடுக்கணும், மதிப்புப் போடணும், அப்புறம் ஏலம். அதுவரைக்கும் மரத்துல கைய வைக்காதீங்க" என்று பதில். மறுபடி போனாள். மறுபடி அதே பதில். பதினோரு நாள் ஆனது. நடுவில் நாலு நாள் விடாத மழை.

"அடுப்புக்கு மேல குடையப் புடிச்சுக்கிட்டு எத்தன நாள் டீச்சர் சமைக்கிறது?" என்று என்னிடம் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டு, அடிமரத்தில் ஒரு பாகத்தை வெட்டி, வாள்பட்டறைக்கு அனுப்பிச் சட்டமாக அறுத்து வாங்கிவிட்டாள். "பச்ச மரம், வளைஞ்சிடும்மா" என்றாராம் ஆசாரி. "வளைஞ்சா வளையட்டும், மொதல்ல கூரைய மூடுங்க" என்றாளாம். அடிமரத்தின் மற்ற பாகமும் கிளைகளும் இன்றைக்கும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. விற்கிற எண்ணம் இருந்திருந்தால் அவைதான் முதலில் போயிருக்கும். படம் எடுத்தவர் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

இப்போது அவள்மேல் காவல் நிலையத்தில் திருட்டுப் புகார்.

மேலே போகுமுன் என் நிலையையும் சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் நீங்கள் என் வாதத்தை எடைபோடக் கூடாது. நான் இருக்கும் வீடும் கோயில் அடிமனையில்தான் நிற்கிறது. வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக விளக்குகிறேன்: அடிமனை என்றால் மண் கோயிலுடையது, மேலே நிற்கும் வீடு குடியிருப்பவருடையது. மண்ணுக்கு வாடகை கட்டுகிறோம். வீட்டை நாமே கட்டி, நாமே ஓடு மாற்றி, நாமே சுவர் பூசுகிறோம். டெல்டாவில் எத்தனையோ தெருக்கள் முழுக்க இப்படித்தான். தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தாலும் கையில் பட்டா இருக்காது, வாடகை ரசீதுதான் இருக்கும். அப்படியென்றால் கொல்லையில் நாம் நட்ட மரம் யாருடையது? நிற்கிற வரைக்கும் யாரும் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றுவதும் குப்பை கூட்டுவதும் குடியிருப்பவர். விழுந்த அன்றைக்குத்தான் அது கோயில் மரம் ஆகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது தெரியாது.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பார்த்தால் தென்னந்தோப்புகள் கோரைப்பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவிலும் மரம் விழாத கொல்லை இல்லை.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொல்லையில் நாலு தென்னையும் ஒரு பலாவும் விழுந்தன. பலா அவர் கூரையைப் பாதி இடித்துக்கொண்டு விழுந்தது. பலாவுக்கு நல்ல வயது, உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்த மரம். நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் ஆகும். அவர் மகன் திருப்பூரிலிருந்து வந்து, "அறுத்து கூரைய நிமித்திடலாமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டான். அவன் என் மாணவன்.

"அவசரப்படாதேப்பா. கோயில் நிலம். எழுதிக் கொடுத்துட்டு அனுமதி வாங்கிச் செய். சட்டப்படி போ" என்றேன் நான்.

சட்டப்படி போனான். விண்ணப்பம் நானே எழுதிக் கொடுத்தேன். தார்ப்பாய் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். தை போயிற்று, மாசி போயிற்று. 2019 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி முடியும் வரை ஏலம் கிடையாது என்றார்கள். ஏலம் நடந்தபோது பலாவின் இரண்டு முனையும் வெடித்து, வெள்ளை மரத்தில் கரையான் புற்று ஏறியிருந்தது. தென்னை நாலும் கையால் பிய்த்தால் நாராக வந்தது. எல்லாம் விறகு விலைக்குப் போயின. லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போனவர்கள் பெரியவரின் கைப்பிடிச் சுவரையும் இடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வீடு மண்சுவர் வீடு. மண்சுவருக்கு உயிர் கூரையில் இருக்கிறது. மேலே மூடியிருந்தால் நூறு வருஷம் நிற்கும். தலை நனைந்தால் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும். தார்ப்பாய் வெயிலில் கிழிந்தது, அடுத்த ஐப்பசியில் மேற்குச் சுவர் உட்கார்ந்தது. பெரியவரை மகன் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். மனை இன்றைக்கும் காலி, கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு கோயிலுக்கு அந்த மனையிலிருந்து ஒரு ரூபாய் வாடகை வந்ததில்லை.

விறகு விலைக்காக ஒரு குடியை இழந்தது கோயில். அதற்கு நானும் துணை போனேன். "சட்டப்படி போ" என்று நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் மரத்துக்கும் மழைக்கும் ஒரு கெடு உண்டு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பெண் பன்னிரண்டாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டாள் என்று கேட்டபோது எனக்குப் பெரியவரின் மேற்குச் சுவர்தான் கண்முன் வந்தது.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றாக.

முதலில், சிவன் சொத்து குல நாசம். நல்ல பழமொழிதான், இன்றைக்கும் நம்புகிறேன். கோயில் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவனுக்கும், சிலையைக் கடத்தினவனுக்கும், பத்து வருஷம் வாடகை கட்டாமல் மாடி கட்டி உள்வாடகைக்கு விட்டவனுக்கும் சொன்னது அது. சொத்தை அழியவிடாதே என்பதுதான் அதன் பொருள். கொல்லையில் மரத்தை அழுகவிட்டவர் யார்? அதே மரத்தை அதே கோயில் மனையில் நிற்கும் வீட்டுக்குக் கைமரமாக ஏற்றியவள் யார்? பழமொழி யார் பக்கம் நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, ஏலப் பணம்தான் விளக்குக்கு எண்ணெய், நைவேத்தியத்துக்கு அரிசி. சரி, கணக்கே பார்ப்போம். மரவாடியில் அறுத்த மரத்துக்குக் கன அடிக் கணக்கில் விலை. விறகுக்கு டன் கணக்கில் விலை. இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். புயலுக்குப் பிறகு ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் மரம் விழுந்து கிடக்கும்போது எந்த வியாபாரி கன அடி விலை கொடுப்பான்? அவனுக்குத் தெரியும், காத்திருந்தால் டன் விலைக்குக் கிடைக்கும் என்று. காத்திருக்க முடியாதவர் வீடு இடிந்தவர் மட்டும்தான். ஆக, அந்த மரத்துக்கு அன்றைய நிலையில் நல்ல விலை கொடுக்கக்கூடியவரும் அவரே. மதிப்புப் போட்டு, அதை வாடகையோடு மாதத் தவணையாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டுவார்கள். இனாம் கேட்கவில்லை நான். முதலில் எடுக்கும் உரிமையைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது, சட்டம். நான் வக்கீல் இல்லை, சமூக அறிவியல் டீச்சர். ஆனால் படிக்கத் தெரியும். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 108ஆம் பிரிவு, குத்தகைக்குக் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் சொல்கிறது. அதில் ஓர் உட்பிரிவு, உரிமையாளருடைய மரத்தைக் குத்தகைதாரர் வெட்டக்கூடாது, விற்கக்கூடாது என்கிறது. நியாயம். ஆனால் அதே பிரிவில் இன்னோர் உட்பிரிவு இருக்கிறது: குத்தகைதாரர் மண்ணோடு தாம் சேர்த்தவற்றை, அந்த இடம் தம் வசம் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம், இடத்தை வாங்கின நிலையில் திருப்பிக் கொடுத்தால் போதும். மண்ணோடு சேர்ந்தது என்றால் என்ன என்று 3ஆம் பிரிவு விளக்குகிறது. அந்த விளக்கத்தில் முதலில் நிற்பது, மண்ணில் வேர்விட்டவை, மரமும் செடியும் போல. அப்படியானால் குடியிருப்பவர் தாமே நட்டு வளர்த்த மரத்தின் கதை, நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு வரியில் முடியாது.

இதையும் சேர்த்தே படியுங்கள். ஒப்பந்தத்திலோ உள்ளூர் வழக்கத்திலோ வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும் என்று அந்தப் பிரிவே ஆரம்பத்தில் சொல்கிறது. வயல் குத்தகைக்கு இது அப்படியே பொருந்தாது, அதற்கு 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் போலத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. நான் பேசுவது வீட்டு மனையைப் பற்றி. ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டால் எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் ரசீதைத் தவிர எந்தக் காகிதமும் இல்லை. உள்ளூர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு நினைவு தெரிந்து, காற்றில் மரம் விழுந்தால் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஆனத எடுத்துக்குங்க, மிச்சத்த மடப்பள்ளிக்கு அனுப்பிடுங்க" என்பார். அதுதான் வழக்கம். அதை மாற்றியது எந்த உத்தரவு என்று எனக்கு யாராவது காட்டுங்கள். வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். தவறு இருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள்.

வரலாறு நடத்தினவள் என்பதால் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 1882ஆம் வருஷச் சட்டத்தை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் ஊரின் பழைய சட்டத்திலும் காற்றில் விழுந்த நல்ல மரம் நிலவுடைமைக்காரருக்குத்தான். நமக்கு ஒன்றும் அவர்கள் தாராளமாக இருந்துவிடவில்லை. ஆனால் வீட்டையும் ஏரையும் வேலியையும் சரிசெய்யத் தேவையான மரத்தை அந்த நிலத்திலிருந்தே குத்தகைக்காரன் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் அதே பழைய சட்டத்தில் இருந்தது. பெரிய பெரிய பிரபுக்களின் நிலத்திலேயே இருந்தது. வீடு விழுந்தால் நிலத்துக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாலாவது வாதம்தான் உண்மையில் கனமானது. என் மாணவன் தனியாகப் போன் செய்து சொன்னான்: "டீச்சர், நீங்க சொல்ற அம்மா நல்லவங்க. ஆனா இதை ஒருதடவை விட்டா, நாளைக்கு நிக்கிற மரத்தை எல்லாம் ராத்திரியில அறுத்துட்டுக் காத்துல விழுந்துச்சும்பாங்க. அப்ப நான்தான் பதில் சொல்லணும்."

அவன் பயத்தை நான் மதிக்கிறேன். கோயில் மரத்தைக் கொள்ளையடித்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள், எனக்கும் தெரியும். ஆனால் காற்றில் விழுந்த மரத்தையும் ஆள் வெட்டிய மரத்தையும் பிரித்துப் பார்க்கப் பெரிய நிபுணர் வேண்டாம். வேரோடு சாய்ந்த மரம் மண்ணைக் கட்டியாகப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். நடுவில் முறிந்தது சிம்பு சிம்பாகக் கிழிந்திருக்கும். வாள் பட்ட மரம் மழமழவென்று இருக்கும், தரையில் மரத்தூள் கிடக்கும். அடுத்த நாளே போய்ப் பார்த்தால் தெரியும். பதினோரு நாள் கழித்தும் போகாவிட்டால்தான் எதுவும் தெரியாது. அதாவது, திருட்டுக்கு வழி விடுவது அந்தத் தாமதம்தான் தம்பி. கைபேசியில் நாலு படம், அளவு நாடாவில் சுற்றளவும் நீளமும், கிராம நிர்வாக அலுவலரோ வார்டு உறுப்பினரோ ஒரு கையெழுத்து. அரை மணி நேர வேலை.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. விழுந்த மரம் காத்திருக்காது. தென்னைக்கு வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே சோறு. நல்ல வயதான தென்னையின் அடிப்பாகத்தை விழுந்த சில வாரத்துக்குள் அறுத்தால் ரீப்பருக்கும் கைமரத்துக்கும் ஆகும். காயவிட்டால் வாளின் பல்லை மழுக்கும், நனையவிட்டால் அழுகும். மாமரம் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். அறுத்துக் குளத்தில் ஊறப்போட்டால் மாவுச்சத்து வெளியேறி வண்டுக்கு ருசி குறையும் என்பது நம் ஆசாரிகளுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். கடற்கரைப் பக்கம் முந்திரித் தோல் எண்ணெய் பூசுவார்கள். வேம்பும் பலாவும் கொஞ்சம் பொறுக்கும், ஆனால் அவற்றிலும் வெள்ளை மரம் முதலில் போய்விடும். நடுவில் முறிந்த மரத்தில் முறிவுக்கு இரண்டு பக்கமும் உள்ளே நார் நசுங்கியிருக்கலாம், அந்தத் துண்டை உத்திரத்துக்கு வைக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் உள்ளூர் ஆசாரி. அவரை அந்த வாரமே கூப்பிட வேண்டும். ஏலம் கேட்க வரும் வெளியூர் லாரிக்காரருக்கு இதில் அக்கறை இல்லை.

தென்னையில் இன்னும் ஒரு ஆபத்து. அழுகும் தென்னைத் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதிலேயே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வந்து, நிற்கும் மரத்தின் குருத்தைத் துளைக்கும். புதிதாக நட்ட கன்றையும் விடாது. கஜாவுக்குப் பிறகு அரசாங்கம் விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்ததே, நினைவிருக்கிறதா? அப்புறப்படுத்துவதற்கென்று தனியாகப் பணம் கொடுக்கும் அளவுக்கு அது அவசரமான வேலை. அதே நேரத்தில் எங்கள் தெருவில் "கைய வைக்காதீங்க" என்று உத்தரவு. ஒரு கை எடு என்கிறது, ஒரு கை தொடாதே என்கிறது. நடுவில் வண்டு குடும்பம் நடத்தியது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது என் வழக்கம் இல்லை. அதனால் என்ன செய்யலாம் என்றும் எழுதுகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆடியில், காற்றுக் காலத்துக்கு முன்பே, அடிமனைக் குடியிருப்பவர்கள் தங்கள் கொல்லை மரங்களின் பட்டியலை எழுதிக் கொடுக்கட்டும்: என்ன மரம், யார் வைத்தது, சுற்றளவு என்ன. கோயில் முத்திரை வைத்து ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுக்கட்டும். மரம் விழுந்தால் மூன்று நாளுக்குள் ஒருவர் வந்து பார்த்து அளவு எடுத்துக் குறி வைக்க வேண்டும். வராவிட்டால், குடியிருப்பவர் இரண்டு சாட்சியோடு படம் எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கூரைக்கு ஆன மரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டும். தம் வீட்டுக்குப் போக மிச்சம் இருந்தால் அதே கோயில் மனையில் கூரை இழந்த அடுத்த வீட்டுக்கு. அதற்கும் போக மிச்சம் ஏலத்துக்கு. வீட்டுக்கு என்று எடுத்ததை வெளியே விற்றால் நடவடிக்கை எடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

குடும்பக் குழுவில் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் இந்த அடிமனை வீடுகளில் பிறந்தவர்கள்தான். இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கிறோம். அங்கே ஒழுகினால் அசோசியேஷனுக்கு மெசேஜ் போடுகிறோம், இரண்டாம் நாள் ஆள் வராவிட்டால் சண்டை போடுகிறோம். பதினோரு நாள் குடை பிடித்து சமைத்தவளைத் திருடி என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வந்தது? அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். அவள் மகளும் அதே கைபேசியைத்தான் பார்க்கிறாள். இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

கோயில் அலுவலகத்தில் இருக்கும் என் மாணவனுக்கு: உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எட்டாம் வகுப்பில் தேசப்பட ஏட்டைக் கிழித்துவிட்டு நீயே வந்து சொன்னவன். பயப்படுகிறாய், மேலே கேட்டால் என்ன சொல்வது என்று. மேலே கேட்டால் சொல்லு, மரம் கோயில் மனையை விட்டு எங்கும் போகவில்லை, கூரைக்கு ஏறியிருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எண்ணிப் பாருங்கள் என்று. உனக்கு அந்த ஊர்க் கோயில் இல்லை என்பது தெரியும். ஆனால் ஒரு அலுவலகக் குறிப்பு எப்படி எழுதினால் மேலே நகரும், எப்படி எழுதினால் தூங்கும் என்பது எங்கள் எல்லோரையும்விட உனக்குத் தெரியும். அந்த உதவியைச் செய்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளோடு நானும் கோயில் அலுவலகத்துக்குப் போகிறேன். கையில் இரண்டு காகிதம் எடுத்துப் போகிறோம். ஒன்று, எடுத்த மரத்தின் அளவும், அதற்கு மதிப்புப் போட்டால் தவணையில் கட்டிவிடுகிறேன் என்று அவள் எழுதியதும். இன்னொன்று, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லியும், மேலே சொன்ன முறையை வைக்கச் சொல்லியும் தெருக்காரர்கள் எழுதியது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது. 2018இல் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. ஊரில் இருப்பவர்கள் திங்கள் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போங்கள். திண்ணையில்தான் இருப்பேன்.

ஊரில் இல்லாதவர்கள் ஒரு உதவி செய்யலாம். உங்கள் அப்பா, தாத்தா காலத்து வாடகை ரசீதுகளோ, மரம் சம்பந்தமாகக் கோயிலிலிருந்து வந்த பழைய கடிதங்களோ பெட்டியில் கிடந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வழக்கம் எப்படி இருந்தது என்று காட்ட அவை உதவும். எதிர்வாதம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் சொல்வேன். சிரிப்புப் பொம்மை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்